முதுகில் ஒட்டிய செங்காவி

நடந்தவை, வரிசையாக:

1. அத்தை பேசுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள்.
2. மாமா அவளைச் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துவந்தார்.
3. அங்கே காத்திருந்தபோது அத்தை எதிரில் இருந்த சுவரைப் பார்த்து, "இந்தக் கலர் நல்லா இருக்கு" என்றாள்.
4. மாமா கடலூருக்குத் திரும்பி வீடு முழுக்க அந்த நிறத்தைப் பூசினார்.
5. அத்தை அந்த வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.
6. மாமா வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இதை யார் சொன்னாலும் நான்காவதில் தொடங்கி ஐந்தாவதுக்குத் தாவி, மாமாவைப் பைத்தியம் என்று சொல்லி முடிப்பார்கள். மூன்றாவது அவர்களுக்குத் தெரியாது. அது நடந்தபோது அந்த இருவரைத் தவிர நான் மட்டும்தான் இருந்தேன்.

மாமா என்றால் அப்பாவின் கடைசித் தங்கையைக் கட்டியவர். கடலூர் முதுநகரைத் தாண்டி, குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டர். ஒல்லியான ஆள். நெற்றியில் ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடு ஞாயிற்றுக்கிழமையும் மறையாது. பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். பம்பு ஓடுகிற சத்தத்தில் வேலை செய்து வந்த பழக்கம். உதட்டசைவை வைத்தே பாதியைப் பிடித்துக்கொள்வார். வீட்டிலும் அப்படித்தான், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தை நீட்டிக் காத்திருப்பார். திறந்தால், "சொல்லு, செஞ்சிடலாம்" என்பார்.

செய்தும் விடுவார். அதுதான் அவர்.

பெண் பார்க்க வந்த அன்று, என்ன பிடிக்கும் என்று அத்தையைக் கேட்டிருக்கிறார். பதற்றத்தில் அத்தை டிசம்பர் பூ என்று சொல்லிவிட்டாள். கல்யாணமாகிப் போய் இறங்கினால், வாசல் தொடங்கிக் கொல்லைக் கழிப்பறை வரைக்கும் வீட்டைச் சுற்றி டிசம்பர் பூச்செடி. மார்கழியில் அந்த வீடு ஊதா வேலிக்குள் இருக்கும். மற்ற மாதங்களில் வெறும் புதர். பாம்பு அடைகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அத்தை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த காலம் ஒன்று உண்டு. "வாய் தவறி யானைன்னு சொல்லியிருந்தா என்னாடி ஆயிருக்கும்?" என்று என்னைக் கேட்டிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம்.

நான் சிதம்பரத்தில் சிவில் படிக்கச் சேர்ந்த வருடம், அவர்கள் வீட்டில் சாப்பிடும்போது நெத்திலிக் கருவாடு நன்றாக இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டு மறந்துபோனேன். அடுத்த வாரம் விடுதி வாசலில் மாமா ஒரு பெரிய பையோடு நின்றார். வாட்ச்மேன் பையை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார். "பொண்ணு கேட்டுச்சுங்க" என்று மாமா அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம் முழுக்க வந்தது. அவர் வந்த அன்றெல்லாம் அறைத் தோழிகள், "மாமா வந்துட்டாரு, ஜன்னலத் தொறங்கடி" என்பார்கள். கடைசியில் போதும் மாமா என்றேன். அதையும் முழுசாகச் செய்தார். அதன்பிறகு அந்த வீட்டில் என் தட்டில் கருவாடு விழவே இல்லை.

கம்பெனியில் இந்தக் குணத்துக்கு மரியாதை இருந்தது. வால்வை அரைச் சுற்று என்றால் அரைச் சுற்றுதான் திருப்புவார். 'கிட்டத்தட்ட' என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் கூட இருக்கிறவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவான் என்பார். என் படிப்பும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொடுத்தது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. சொல்கிற ஒவ்வொன்றும் ஒரு வேலையாக மாறி வாசலில் வந்து இறங்குகிற வீட்டில், சொல்கிறவளுக்கு என்ன ஆகும் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அத்தைக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது முறை ஏழாம் மாதம். பேச்சு நின்றது அதனால்தான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மருத்துவர் அப்படி ஒற்றைக் காரணமாக எதையும் சொல்லவில்லை. முதலில் அவளுடைய கேலிகள் போயின. பிறகு கேள்விகள். பிறகு பதில்கள் எல்லாம் 'ம்' என்று சுருங்கின. ஹாலில் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருப்பாள். மாமா எதிரில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடலூரிலேயே மருத்துவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று சிதம்பரத்துக்கு வந்தார்கள். கேட்பவர்களிடம் நடராஜரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள். மாதம் தவறாமல் தரிசனத்துக்குப் போகிற தம்பதி என்று சொந்தத்தில் பெயர் பரவியது. எங்கள் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிவிடுங்கள் என்று பெயரும் நட்சத்திரமும் சொல்லி அனுப்பினார்கள். மாமா சொன்னதைச் செய்கிறவர் ஆயிற்றே. மருத்துவரைப் பார்த்து முடித்ததும் கோயிலுக்கு ஓடி, அத்தனை பேருக்கும் அர்ச்சனை செய்து, திருநீற்றுப் பொட்டலங்களோடு மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். அதுவரை பஸ் ஸ்டாண்டில் அத்தையோடு நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த மருத்துவரின் காத்திருக்கும் அறை அப்போது டவுனில் புதிதாக வந்திருந்த மாதிரியில் இருந்தது. மூன்று சுவர் வெள்ளை. ஒரு சுவர் மட்டும் ஆழமான சுட்ட மண் நிறம். அதன் முன்னால் பிரம்பு நாற்காலி, மூலையில் மண் குதிரை, மேலிருந்து மஞ்சள் வெளிச்சம். மாமா வழக்கம்போல் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா, ஃபேனுக்குக் கீழே உட்காரலாமா, பசிக்கிறதா, எதையாவது சொல்லு. அத்தை சுவரைப் பார்த்து அந்த நான்கு வார்த்தையைச் சொன்னாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயும் கேட்ட இல்லம்மா?"

கேட்டேன் என்றேன்.

அடுத்த முறை வந்தபோது மாமா அந்தச் சுவரில், நாற்காலிக்குப் பின்னால், சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தார். சீட்டுப் போடுகிற பெண் எழுந்து வந்து என்ன செய்கிறீர்கள் என்றாள். கலர் பார்ப்பதாகச் சொன்னார். அவள் அத்தையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பேஷன்ட் யாரு சார், நீங்களா அவுங்களா?"

"அவுங்கதாம்மா. நான் பெயின்ட்டுக்கு."

சுரண்டிய துண்டு நகக்கண் அளவுதான் இருக்கும். அதைத் திருநீற்றுப் பொட்டலத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடலூரில் பெயின்ட் கடையில் அதை டெரகோட்டா என்றார்கள். மெஷினில் கலந்து கொடுத்தார்கள். மாமா ஒரு அட்டையில் தடவிக் காயவைத்து, துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ரோஸ் அடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று கலந்தார்கள். அது காப்பிக் கலராம். கிட்டத்தட்ட இதுதான் சார் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. மாமா சாதா டிஸ்டெம்பர் டப்பாக்களையும், நிறம் ஏற்றுகிற சிவப்பு ஸ்டெய்னர் பாட்டில்களையும், காவிப்பொடியையும் வாங்கிவந்து, வீட்டுக் கொல்லையில் தானே கலக்க ஆரம்பித்தார்.

டிஸ்டெம்பரில் அந்த ஆழம் வராது, வர வைத்தால் சுவரைப் பிடித்து நிற்காது, தொட்டால் கையோடு வந்துவிடும் என்று போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கலர் ஒத்துப்போச்சும்மா" என்றார். துண்டை ஈரக் கலவையின் மேலேயே வைத்துப் பார்த்தாராம், எது துண்டு எது கலவை என்று தெரியவில்லையாம்.

அங்கே ஒரு சுவர்தான் அந்த நிறம் என்றும் சொன்னேன்.

"அவ ஒரு செவுருன்னு சொல்லலியே."

அத்தையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, லீவு போட்டு, ஹால், படுக்கையறை, சமையலறை, நடை என்று எல்லாச் சுவரையும் தனியாளாகப் பூசினார். பிரம்பு நாற்காலி வாங்கினார். மண் குதிரை முதலில் கிடைக்கவில்லை, மண் யானைதான் கிடைத்தது. எங்கோ அலைந்து குதிரையைத்தான் கொண்டுவந்து வைத்தார். மஞ்சள் பல்பு மாட்டினார். எதிர்வீட்டு அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, கோயில் மதிலாட்டம் ஆக்கிட்டீங்க. வெள்ளப் பட்டையும் அடிச்சிட்டா பூசை பண்ணிக்கலாம்" என்றாளாம். சொந்தக்காரர்கள் ஆச்சரியப்படவில்லை. மாதாமாதம் சிதம்பரம் போகிறவர் வீட்டைக் காவியாக்குவதில் என்ன இருக்கிறது?

அத்தையைத் திரும்பக் கூட்டிப்போன அன்று நானும் போயிருந்தேன். வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தாள். மாமா அவள் வாயைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். உள்ளங்கைகளில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"ம்" என்றாள் அத்தை.

பிரம்பு நாற்காலியைத் தாண்டிப் போய், எப்போதும் உட்காருகிற இடத்தில், தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்தபோது முதுகு முழுக்கச் செங்காவி. ரவிக்கை, சேலை, பின்னல் எல்லாம். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முதுகை மெதுவாகத் தட்டிவிட்டார். அவள் நின்று கொடுத்தாள்.

அது அந்த வீட்டில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவள் எழுந்திருப்பாள், அவர் துண்டோடு வருவார், அவள் முதுகைக் காட்டி நிற்பாள், அவர் தட்டிவிடுவார். அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரத்தில் யாரும் தட்டிவிடாததால், முதுகைப் பார்த்தால் போதும், அன்றைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரிந்துவிடும். சுவரிலும் தெரிந்தது. அவள் முதுகு படுகிற இடத்தில் நிறம் தேய்ந்து, தலை படுகிற இடத்தில் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். ஞாயிறுதோறும் மாமா அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கோட் அடித்துச் சரிசெய்வார். திங்கட்கிழமை அது அவள் முதுகுக்குப் போய்விடும்.

பகலிலேயே அந்த வீடு இருட்டியிருக்கும். சன்னல் வெளிச்சத்தைச் சுவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளும், திருப்பித் தராது. கடும் நிறங்களைப் பற்றி நாங்கள் வகுப்பில் படித்ததுதான். படித்ததற்குள் உட்கார்ந்து காப்பி குடிப்பது வேறாக இருந்தது.

ஒரு விடுமுறையில் அத்தையின் சேலைகளை ஊறவைத்துக்கொண்டிருந்தேன். வாளித் தண்ணீர் செக்கச்சிவந்து போயிருந்தது. அத்தை கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாக ஒன்றும் கேட்கவில்லை.

"அன்னிக்கு உங்க மாமா சொல்லு சொல்லுன்னு கேட்டுக்கினே இருந்தாரு" என்றாள். "எதிர்ல செவுரு இருந்துச்சு. அதான் சொன்னேன்."

"உனக்குப் புடிக்கலயா அத்தை?"

"புடிக்கிது புடிக்கலன்னு ஒண்ணும் இல்ல பாப்பா." வாளியைப் பார்த்தபடியே, "எது சொன்னாலும் வந்துடுது" என்றாள்.



நான் படிப்பை முடிக்கிற வருடம், பொங்கல் வரிசை வைக்க அப்பா கடலூருக்குப் போனார். அரிசி, வெல்லம், கரும்புக் கட்டோடு நானும் போனேன். அப்பா அந்த வீட்டுக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வெள்ளைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றவர், பின்னால் என்ன என்று திரும்பிப் பார்த்தார். பிறகு தங்கையின் முதுகைப் பார்த்தார். அலமாரியில் மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். கோயிலுக்குப் போனதாகச் சொன்னதெல்லாம் எங்கே என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

அப்பா அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. அன்றும் குரல் உயரவில்லை. "பட்டப்பகல்ல லைட்டப் போட்டுக்கினு ஒக்காந்திருக்கீங்க மச்சான்" என்றார். "இதுக்குள்ள இருந்தா நல்லா இருக்கறவனுக்கே புத்தி கலங்கிடும். அவ எப்பிடித் தேறுவா?"

மாமா முகத்தில் கோபம் இல்லை. குறிப்பு எழுதிக்கொள்கிறவர் மாதிரி கேட்டார். "என்னா கலர் வேணும்னு அவள சொல்லச் சொல்லுங்க மச்சான். நாளைக்கே மாத்திடறேன்." அத்தையின் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்து முகத்தை நீட்டினார். "சொல்லு, செஞ்சிடலாம்."

"நான் அண்ணன்கூடப் போறேன்" என்றாள் அத்தை.

வெகுநாளுக்குப் பிறகு அவள் சொன்ன முழு வாக்கியம் அது. யாரும் இதற்கு வேறு பொருள் சொல்ல முடியாது. மாமா தலையாட்டினார்.

மறுநாள் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அத்தையின் துணிகள் மட்டும் இல்லை. தையல் மெஷின், பீரோ, அவள் வந்தபோது கொண்டுவந்த அண்டாக்கள், அவள் வாசிக்காமல் வைத்திருந்த வாரப் பத்திரிகைகள் எல்லாம் ஏறின. கடைசியில் வேர் மண்ணோடு தோண்டிச் சாக்கில் கட்டிய டிசம்பர் செடிகள். ஒரு மாசம் இருந்துவிட்டு வருகிறவளுக்கு எதற்கு இத்தனை என்று அப்பா தடுத்தார்.

"அவ ஒரு மாசம்னு சொல்லலியே மச்சான்."

வண்டியில் ஏறுவதற்கு முன் அத்தை பழக்கத்தில் முதுகைக் காட்டி நின்றாள். மாமா துண்டால் தட்டிவிட்டார். கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைச் சேர்க்கிறேன்.

எங்கள் வீடு அண்ணாகிராமம் பக்கம். பின்னறையை அத்தைக்குக் கொடுத்தோம். சுண்ணாம்பு அடித்த சுவர், பெரிய சன்னல், வெளியே முந்திரித் தோப்பு. இந்த வெளிச்சத்தில் ஒரே மாதத்தில் தேறிவிடுவாள் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். மருத்துவம் பார்ப்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. அத்தை பின்னறையில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். எழுந்தபோது அவள் முதுகில் வெள்ளை ஒட்டியிருந்தது. அப்பா அதைப் பார்த்த நாளிலிருந்து மாமாவின் வீட்டு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாமா வரவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, அப்பா ஆள் அனுப்பியும் வரவில்லை. ரோஷம் என்றார்கள். அவ்வளவுதான் பாசம் என்றார்கள். பிறகு அவரைப் பற்றிப் பேசுவதே நின்றது.

இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில் அடித்த புயலில் எங்கள் முந்திரி மரங்கள் அத்தனையும் சாய்ந்தன. நான் சென்னையில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் தர ஆய்வு பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்தவள், திரும்புகிற வழியில் கடலூரில் இறங்கினேன். மாமா வீட்டின் முன்பக்கக் கூரை ஷீட்டைக் காற்று கொண்டுபோயிருந்தது. மழை உள்ளே இறங்கி, சுவரெல்லாம் கரைந்து, வாசல் வழியாகத் தெரு வரைக்கும் சிவப்பாக ஓடியதாம். எதிர்வீட்டு அம்மா பயந்துபோய்க் கதவைத் தட்டினாளாம். நான் போனபோது மாமா எல்லாவற்றையும் மறுபடி பூசி முடித்திருந்தார். அதே நிறம். அவர் தலைமுடியிலும் இருந்தது.

ஹாலில் ஒரு இடத்தை மட்டும் பூசவில்லை. மழை எட்டாத உள்சுவர் அது. முதுகு அகலத்துக்கு வெளிறிய தேய்வு, அதற்கு மேலே எண்ணெய் ஏறிய கறுப்பு வட்டம். சுற்றிலும் புதுப் பூச்சை நேர்கோட்டில் நிறுத்தியிருந்தார்.

காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"அத்தை அந்தக் கலரப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா சொன்னா. எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். "அந்த வருஷத்துல அவ வாயால வந்தது அது ஒண்ணுதான். அத வுட்டுட முடியுமா?"

வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள் மாமா என்றேன்.

"வரச் சொன்னாளா?"

"சொன்ன மாதிரிதான் மாமா."

காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மாதிரி வேணாம்மா. சொன்னா அன்னிக்கே வந்துடுவேன்."

ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தையிடம் கேட்டுப் பார்க்கிறேன். மாமாவை வரச் சொல்லட்டுமா என்பேன். அவள் சன்னலைப் பார்ப்பாள். சில சமயம் 'ம்' என்பாள். அந்த 'ம்' போதாது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலவரம் இதுதான். அத்தை எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முதுகில் இருக்கிற வெள்ளையை அம்மா தட்டிவிடுகிறாள். டிசம்பர் செடிகளில் பாதி பிழைத்தன. மாமா கடலூரில் அதே வீட்டில் இருக்கிறார். சொன்னால் வருவார். அத்தை இன்னும் சொல்லவில்லை.